கலகெதர ஏற்றமும் எஞ்சின் அறையின் வெப்பக் கணக்கும்

குருநாகலிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதி, மாவத்தகமவைக் கடந்த பின்னர்ச் சமநிலத்தை விட்டு மலையை நாடத் தொடங்குகின்றது. அம்மலைக்கு வாயில்போல் அமைந்த ஊர் கலகெதர. சிங்களத்திற் 'கல்வீடு' எனப் பொருள்படும் பெயரையுடைய இவ்வூர், கண்டி இராச்சியத்தின் காவல்நிலைகளுள் ஒன்றாக விளங்கியது. 1803ஆம் ஆண்டிற் பிரித்தானியப் படை தலைநகரை நோக்கி ஏறியபோது கலகெதர, கிரிஹாகம என்னும் இரு நிலைகளையுங் கடந்தே செல்லவேண்டியிருந்தது. அன்று மனிதரையும் மாடுகளையும் களைக்கச் செய்த ஏற்றம் இன்று இயந்திரங்களைச் சோதிக்கின்றது. பங்குனி, சித்திரை மாதங்களின் நண்பகல் வேளையில், பொனற்றைத் திறந்து வைத்து வீதியோரத்தில் ஆவி கக்கியபடி நிற்கும் மோட்டார் வண்டியை இப்பாதையிற் பயணஞ் செய்தோர் கண்டிருப்பர்.

இக்காட்சியில் ஒரு புதிர் அடங்கியுள்ளது. 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மீரிகம - குருநாகல் அதிவேக வீதியில் மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் யாதொரு முறைப்பாடுமின்றி ஓடிவந்த அதே வண்டி, மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் மெல்ல மலையேறும்போது கொதிப்பது ஏன்? விரைந்து ஓடுவதே இயந்திரத்துக்குப் பெருஞ்சுமை என எண்ணும் பொதுவழக்குக்கு இது முரணாகத் தோன்றுகின்றது. எஞ்சின் அறைக்குள் வெப்பமும் வளியும் நடந்துகொள்ளும் முறையை ஆராய்ந்தாலன்றி இப்புதிர் அவிழாது. அம்முறையை வண்டி உருவாகுமுன்னரே கணினியிற் கணித்தறியும் கலை இன்று பெரிதும் வளர்ந்துள்ளது. அக்கலை யாது செய்கின்றது என்பதையும், நம் வீதிகளில் ஓடும் வண்டிகளுக்கு அதன் விடைகள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

முதலில் எளிய கணக்கொன்று. குருநாகல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 115 மீற்றர் உயரத்திலும், கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இடையிலுள்ள இறக்கங்களை நீக்கி, ஏற்றத்தை 400 மீற்றர் எனக் கொள்வோம். ஆட்களுடன் 1,500 கிலோகிராம் திணிவுடைய வண்டியை அவ்வளவு உயர்த்துவதற்கு வேண்டிய சத்தி ஏறக்குறைய 6 மெகாயூல். பெற்றோல் எஞ்சினின் வினைத்திறன் நூற்றுக்கு 25 எனின், இவ்வேலைக்கு 24 மெகாயூல், அதாவது முக்கால் லீற்றர் பெற்றோல், எரியவேண்டும். எஞ்சிய 18 மெகாயூலும் வெப்பமே. அதில் ஒரு பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறும். ஏறத்தாழ 7 மெகாயூல் எஞ்சினைச் சுற்றியோடும் நீரைச் சேரும். அறை வெப்பநிலையிலுள்ள 23 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். எஞ்சினிலும் ரேடியேற்றரிலும் இருக்கும் நீரோ பெரும்பாலும் ஐந்தாறு லீற்றரே. ஆகவே அந்நீர் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் அன்று. வெப்பத்தை ஏற்றி இறக்கும் வண்டிக்காரன் மட்டுமே. கொண்டுவந்த சுமையை ரேடியேற்றரில் வளியிடம் ஒப்படைத்துவிட்டு உடனே திரும்பவேண்டும். வளி வாங்க மறுத்தால் அனைத்தும் தடைப்படும்.

வளி ஏன் மறுக்கின்றது? இங்கேதான் வேகம் வந்து புகுகின்றது. ஓடும் வண்டியின் முகப்பில் வளி மோதுவதால் உண்டாகும் அமுக்கம், வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமானது. மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 365 பஸ்கால். 30 கிலோமீற்றர் வேகத்தில் 40 பஸ்கால் மட்டுமே. வேகம் மூன்றில் ஒன்றாயிற்று. வளியை உள்ளே தள்ளும் அமுக்கமோ ஒன்பதில் ஒன்றாயிற்று. ஆனால் வெப்பம் அவ்வாறு குறைவதில்லை. 15 மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் சாய்விலே மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் அவ்வண்டியை ஏற்ற, உருளுராய்வையுஞ் சேர்த்து, 10 கிலோவாற்று வலு வேண்டும். நீரைச் சேரும் வெப்பம் அப்போது ஏறத்தாழ 12 கிலோவாற்று. குளிரூட்டியும் இயங்குமாயின் அதன் ஒடுக்கி, ரேடியேற்றரின் முன்னே நின்று இன்னும் 5 அல்லது 6 கிலோவாற்று வெப்பத்தை அதே வளியிற் சேர்க்கும். மொத்தம் 18 கிலோவாற்று எனின், வளி 25 பாகை சூடேறி வெளியேற, செக்கனுக்கு ஏறத்தாழ 0.65 கனமீற்றர் வளி வேண்டும். கால் சதுரமீற்றர் முகப்புடைய ரேடியேற்றரூடாக அது செக்கனுக்கு 2.6 மீற்றர் வேகத்திற் செல்லவேண்டும். முகப்புக் கம்பிகள், ஒடுக்கி, ரேடியேற்றரின் தகடுகள், அதன் பின்னே அடைத்து நிற்கும் எஞ்சின் ஆகிய தடைகளைத் தாண்டி, மலையேறும் வேகம் மட்டும் அவ்வளவு வளியைத் தராது. குறையை நிரப்புவது விசிறி. மலைப்பாதையில் வண்டியைக் காப்பது விசிறியே எனலாம்.

பழைய சாரதிகளின் வழக்கமொன்றை இவ்விடத்திற் குறிப்பிடல் தகும். ஏற்றம் கடுக்கும்போது எஞ்சினை முனகவிடாது, உடனே கீழ்க்கியருக்கு மாற்றிவிடுவர். எஞ்சின் இரைச்சலிடுவதைக் கேட்டு, அது துன்புறுகின்றது எனப் பயணிகள் இரங்குவதுண்டு. உண்மை மறுதலையானது. அக்காலத்து பஸ்களிலும் லொறிகளிலும் விசிறியும் நீர்ப்பம்பியும் எஞ்சினின் பட்டியினாற் சுழற்றப்பட்டன. விசிறி தரும் வளியின் அளவு அதன் சுழற்சி வேகத்துக்கும், அமுக்கம் அவ்வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகித சமமானவை. ஆகவே அதே ஏற்றத்தை அதே வேகத்தில் ஏறும்போது, கீழ்க்கியரில் எஞ்சின் விரைந்து சுழல்வதால் வளியும் நீரும் மிகுதியாகப் பாயும். சமன்பாடு அறியாத சாரதி சமன்பாட்டின் விடையை அறிந்திருந்தான்.

இனி எஞ்சின் அறையின் உட்புறத்தை நோக்குவோம். வெப்பம் இடம்பெயரும் வழிகளான கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்னும் மூன்றும் இங்கு ஒருங்கே தொழிற்படுகின்றன. மூன்றையும் தனித்தனியே கணித்துக் கூட்டிவிட இயலாது என்பதே தொல்லை. ஏற்றத்தின் உச்சியிற் புகைக்குழாயின் முதற்பகுதி 600 பாகையளவு சூடேறியிருக்கும். சிதெபன் - போற்சுமன் விதிப்படி, கரும்பொருளொன்று அவ்வெப்பநிலையில் ஒரு சதுரமீற்றரிலிருந்து ஏறத்தாழ 33 கிலோவாற்றைக் கதிர்வீசும். 90 பாகையிலுள்ள எஞ்சினின் மேற்பரப்போ ஒரு கிலோவாற்றையே வீசும். எனவே புகைக்குழாயை நேர்நோக்கியிருக்கும் ஒரு ரப்பர்க் குழாயோ மின்கம்பியோ, குளிர்ந்த வளியின் நடுவே இருந்துங் கருகலாம். இடையே மெல்லிய அலுமினியத் தகடொன்றைச் செருகினால் அது தப்பும். தகடு அங்கிருப்பதால் வளியின் பாதை மாறும். பாதை மாறியதால் வேறோர் உறுப்பு சூடேறும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் இத்தகைய தொகுதியை, அனுபவத்தின் துணைகொண்டு மட்டும் வடிவமைத்த காலத்தில், வண்டியைச் செய்து ஓட்டிப் பார்த்து, கருகிய இடத்தைக் கண்டு திருத்தினர். அம்முறைக்குப் பொருளும் காலமும் மிகுதியாகச் செலவாயின.

வளியின் ஓட்டத்துக்குரிய சமன்பாடுகள் புதியன அல்ல. பிரெஞ்சு அறிஞர் நவியே 1822இலும், கேம்பிரிச்சுப் பேராசிரியர் சிரோக்சு 1845இலும் அவற்றை நிறுவினர்; வெப்பக் கடத்தலின் சமன்பாட்டைத் தந்த பூரியேயின் நூல் வெளிவந்ததும் 1822ஆம் ஆண்டிலேயே. ஆயினும் அச்சமன்பாடுகளைப் பொதுவாகத் தீர்க்கும் வழியை எவரும் இன்னும் கண்டிலர். முப்பரிமாணத்தில் அவற்றுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்பதை நிறுவுவோர்க்கு, 2000ஆம் ஆண்டிற் கிளே கணித நிறுவனம் அறிவித்த பத்து இலட்சம் டொலர் பரிசு இன்றும் வழங்கப்படாதிருக்கின்றது.

தீர்க்க முடியாததை எண்களாற் கிட்டத்தட்ட அறிவதே கணிப்பு முறை. எஞ்சின் அறையிலுள்ள வெற்றிடத்தைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்துக்கொள்வர். ஒவ்வொரு சிற்றறைக்கும் ஒரு பேரேடு உண்டு: புகுந்த வளி எவ்வளவு, வெளியேறிய வளி எவ்வளவு, கொணர்ந்த உந்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு. தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மலைக்கு மலை கொழுந்தின் நிறையைப் பதிந்து, தொழிற்சாலையின் தராசோடு ஒப்பிட்டுக் கணக்கைச் சரிபார்ப்பதை ஒத்தது இது. ஓரறையின் செலவு அடுத்த அறையின் வரவாதல் வேண்டும். எல்லா ஏடுகளும் ஒருங்கே பொருந்தும் எண்களைக் கண்டுவிட்டால், வளியின் ஓட்டத்தைக் கண்டுவிட்டோம் என்க. 1922ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் இலூயிசு பிரை இரிச்சாட்சன், வானிலையை இம்முறையிற் கணிக்க 64,000 மனிதர் ஒரு பெருமண்டபத்தில் அமர்ந்து கணக்கிடுவதாகக் கற்பனை செய்தார். கணினி தோன்றாத காலத்தில் அது கனவாகவே நின்றது.

கணினி வந்த பின்னரும் ஓர் இடர் தீரவில்லை. வளியின் வேகத்தைக் கணிக்க அமுக்கம் தெரியவேண்டும். அமுக்கத்துக்கெனத் தனிச் சமன்பாடு இல்லை. இம்முடிச்சை நடைமுறைக்கேற்ற வகையில் அவிழ்த்தவருள் முதன்மையானவர் ஓர் இந்தியர். பூனா பொறியியற் கல்லூரியிலும் பம்பாய் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பயின்ற சுகாசு பத்தங்கர், இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பேராசிரியர் பிரையன் சுப்பால்டிங்கிடம் ஆய்வு செய்து 1967இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். இருவரும் 1972இல் வெளியிட்ட முறையின் சாரம் வியக்கத்தக்க எளிமையுடையது. அமுக்கத்தை முதலில் ஊகித்துக்கொள். அதைக் கொண்டு வேகத்தைக் கணி. ஊகம் பிழையாதலால் சிற்றறைகளின் வரவுசெலவு பொருந்தாது. ஓரறையில் வளி மிஞ்சும், மற்றோர் அறையிற் குறையும். மிஞ்சிய அறையின் அமுக்கத்தைச் சற்றுக் கூட்டு, குறைந்ததிற் குறை, மீண்டுங் கணி. நூறாயிரம் முறை திருப்பிச் செய்யினும் கணினி சலிப்பதில்லை. பத்தங்கர் 1980இல் எழுதிய பாடநூல் உலகெங்கும் மாணவர் கைகளில் உள்ளது. இன்று வண்டி, விமானம், கொதிகலன், கட்டடம் முதலியவற்றில் வளியோட்டத்தைக் கணிக்கும் மென்பொருள்களுட் பல அம்முறையையோ அதன் வழிவந்தவற்றையோ கையாளுகின்றன.

மற்றோர் இடர் கொந்தளிப்பு. எஞ்சின் அறைக்குள் வளி அமைதியாகப் பாய்வதில்லை. சுழியுட் சுழியாகச் சிதறுகின்றது. அச்சுழிகளுட் சிறியது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவினது. அதனையுங் காட்டவேண்டுமெனிற் சிற்றறைகளின் தொகை பல்லாயிரங் கோடியை எட்டும். வடிவமைப்பு வேலைக்கு அது தாங்கொணாச் சுமை. ஆகவே சிறு சுழிகளைத் தனித்தனியே காணாது, அவற்றின் சராசரி விளைவைச் சில துணைச் சமன்பாடுகளால் மதிப்பிட்டு, சில கோடிச் சிற்றறைகளோடு அமைகின்றனர். அத்துணைச் சமன்பாடுகளிலுள்ள மாறிலிகள் சோதனைச்சாலை அளவீடுகளிலிருந்து பெறப்பட்டவை. இயற்கையின் விதி இவ்விடத்திற் சற்றே மனிதரின் உடன்படிக்கையாக மாறிவிடுகின்றது என்பதை மாணவர் மறத்தலாகாது. ரேடியேற்றரின் ஆயிரக்கணக்கான தகடுகளையும் அவ்வாறே ஒவ்வொன்றாக வரைவதில்லை. வளிக்கு இவ்வளவு தடை, வெப்பத்துக்கு இவ்வளவு கொடை எனக் குறிக்கப்பட்ட ஒரு நுண்டுளைக் கட்டியாக அதனைக் கொள்கின்றனர்.

ஏற்றத்தைக் கணித்துவிட்டால் வேலை முடிந்தது எனக் கருதலாகாது. அதனினுங் கடினமானது ஏறிமுடிந்து நிறுத்தியபின் நிகழ்வது. மலையேறிய களைப்புத் தீரத் தேநீர்க் கடையோரத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்கிறோம். தீ அணைந்தது, இனிக் குளிரும் என எண்ணுகிறோம். ஆனால் பொனற்றின் கீழ் வெப்பநிலை அப்போதுதான் உயரத் தொடங்குகின்றது. ஐந்து கிலோகிராம் வார்ப்பிரும்பாலான புகைக்குழாய்ப் பகுதி 600 பாகையிலிருந்து 100 பாகைக்கு இறங்குமுன் 1,250 கிலோயூல் வெப்பத்தை விடும். அறையிலுள்ள வளியோ கிலோகிராமில் மூன்றிலொரு பங்குதான். அவ்வெப்பம் முழுவதையும் அதனுட் பூட்டிவைத்தால் வெப்பநிலை ஆயிரக்கணக்கான பாகை ஏறவேண்டும்! அவ்வாறு ஏறாதது, வெப்பம் எஞ்சின் உடலுக்கும் குழாய்களுக்கும் பொனற் தகட்டுக்கும் பகிரப்படுவதால். முழுவதும் எஞ்சின் உடலையும் நீரையும் சேருமாயின், அவை 15 பாகையளவு மேலும் சூடேறும். விசிறியும் பம்பியும் ஓய்ந்த பின் வெப்பத்தை அகற்றுவது சூடான வளியின் மிதப்பு ஒன்றே. அதன் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றரை எட்டுவதே அரிது. உறுப்புகள் சில தம் உச்ச வெப்பநிலையை அடைவது வண்டி நின்று பத்து இருபது நிமிடங்கள் கழித்தே. காபுரேற்றர் பூட்டிய பழைய கார்களில், நிறுத்திச் சிறிதுநேரத்தின் பின் எஞ்சின் மீண்டும் இயங்க மறுத்ததும் இதனாலேயே: பெற்றோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டது.

கணிப்போர்க்கு இதில் உள்ள தொல்லை காலம் பற்றியது. வளி தன் போக்கைச் சில செக்கன்களில் மாற்றிக்கொள்கின்றது. இரும்போ பல நிமிடங்களில் மெல்ல ஆறுகின்றது. வளியின் காலடியோடு இரும்பின் பின்னே நடந்தால், கணினி நாட்கணக்கில் உழைக்கவேண்டும். ஆதலால் வளியின் ஓட்டத்தை ஒரு கணத்துக்கு உறையவைத்து, உலோகத்தின் கடத்தலையும் கதிர்வீசலையும் சில நிமிடங்களுக்கு நடத்தி, பின்னர் வளியைப் புதுப்பித்து, மாறி மாறிக் கணிக்கும் தந்திரத்தைக் கையாளுகின்றனர்.

இவ்வளவு நுட்பமான கணிப்பும் ஓர் அடிப்படைக் கோளின்மீது நிற்கின்றது: வண்டி, வரைபடத்திலுள்ளபடியே இருக்கின்றது என்பதே அது. நம் நாட்டின் நிலை வேறு. நம் வீதிகளிலுள்ள கார்களுட் பல யப்பானிற் சில ஆண்டுகள் பாவிக்கப்பட்டு வந்தவை. 2020ஆம் ஆண்டிலிருந்து 2025ஆம் ஆண்டுவரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், இருந்தவற்றையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். கராஜில் ஒருமுறை கழற்றிய அடித்தகடு மீளப் பூட்டப்படுவதில்லை. ரேடியேற்றரின் ஓரங்களை அடைத்திருந்த மென்பஞ்சுப் பட்டை உதிர்ந்தால் அதை வாங்கி ஒட்டுவார் இலர். இவை அழகுக்கு வைத்த பொருள்கள் அல்ல. மெல்ல ஏறும்போது ரேடியேற்றரின் பின்னே வெளியேறிய சூடான வளி, அவ்விடைவெளிகளூடாக முன்னே வந்து மீண்டும் உள்ளிழுக்கப்படும். உட்புகும் வளியில் ஐந்திலொரு பங்கு இவ்வாறு திரும்பி வந்ததாயின், ரேடியேற்றர் காணும் வளியின் வெப்பநிலை வெளியிலிருப்பதைவிட 6 பாகை கூடும். நீர் 95 பாகை, வெளி 33 பாகை என்னுங்கால், வெப்பத்தைத் தள்ளும் வேறுபாட்டிற் பத்திலொரு பங்கு போயிற்று. குழாயிற் படிந்த உப்பு இன்னொரு பங்கைக் கவரும். அதிவேக வீதியில் இவ்விழப்புகள் தெரிவதில்லை. கலகெதர ஏற்றத்திலேயே கணக்குத் தீர்க்கப்படுகின்றது. கொதிப்பதற்கு மருந்தாகத் தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கமும் உண்டு. சில எஞ்சின்களில் அக்கருவியே சுற்றுவழியை மூடுவதால், அதனை அகற்றியபின் சூடான நீரின் ஒரு பகுதி ரேடியேற்றரைக் காணாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். நோய்க்குக் கொடுத்த மருந்து நோயை வளர்த்தது.

உயிராபத்துப் பற்றிய செய்தியொன்றும் இவ்விடத்திற் கூறவேண்டும். கண்டியின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 98 பாகையிற் கொதிக்கும். ரேடியேற்றரின் மூடி உள்ளமுக்கத்தைப் பேணுவதால், 115 பாகையிலும் அது கொதியாது நிற்கும். மூடியைத் திறந்த கணமே அமுக்கம் வீழ்கின்றது. ஐந்து லீற்றர் நீரிலே நூற்றுக்கு மூன்று பங்குதான் ஆவியாகும்; ஆனால் அச்சிறு பங்கு 250 லீற்றருக்கு மேற்பட்ட நீராவி. எஞ்சிய கொதிநீரையும் அதுவே முகத்தை நோக்கி எறிகின்றது. அரைமணி நேரமாவது பொறுத்துத் திறவுங்கள் எனச் சாரதிகள் கூறுவதை நாம் பணிந்து ஏற்கவேண்டும். நின்ற பின்னர் எஞ்சின் மேலும் சூடேறும் என மேலே கண்டோம் அன்றோ?

முச்சக்கர வண்டிகளின் எஞ்சினுக்கு நீரும் இல்லை, ரேடியேற்றரும் இல்லை. எஞ்சினோடு சுழலும் விசிறி, தகடுகளின்மீது நேரே வளியை வீசுகின்றது. கொதிப்பதற்கு நீரில்லையாதலால் அது கொதிப்பதில்லை. சூடு மிகுந்தால் வலு குன்றிப் பின்தங்கும். மின்சாரக் கார்களிலோ வெப்பம் குறைவு. ஆயினும் மின்கலம் 40 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தை நெடுநேரம் விரும்பாது. எஞ்சினுக்கு 95 பாகை இதமாயிருக்க, மின்கலத்துக்கு அதிற் பாதியே எல்லை. நீருக்கும் வெளிவளிக்கும் இருந்த வேறுபாடு இங்கே மிகச் சுருங்குகின்றது.

கணிப்பின் விடையை நம்புமுன் அளந்து பார்க்கவேண்டும். வண்டி செய்வோர், காற்றுச் சுரங்கத்தில் வண்டியை நிறுத்தி, நூற்றுக்கணக்கான வெப்பவிணைகளைப் பொருத்தி அளக்கின்றனர். நம் மாணவர்க்கு அவ்வசதி இல்லையெனினும், இயற்கை அமைத்த சோதனைச்சாலை அருகிலேயே உள்ளது. 1950இற் கொழும்பிற் தொடங்கி 1964இற் பேராதனைக்கு வந்த பொறியியற் பீடம், இவ்வேற்றத்திலிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கின்றது. இம்பீரியல் கல்லூரியில் உருவாகி 2004ஆம் ஆண்டுமுதல் விலையின்றி வழங்கப்படும் ஓப்பன்போம் என்னும் மென்பொருளைச் சாதாரணக் கணினியிலும் இயக்கலாம். ஆறு வெப்பவிணைகளும் ஒரு பதிவுக் கருவியும் போதும். ரேடியேற்றரின் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, மேற்குழாயில் ஒன்று, புகைக்குழாயின் கவசத் தகட்டில் ஒன்று, மின்கம்பிக் கட்டில் ஒன்று, வெளிவளியில் ஒன்று. மாவத்தகமவிலிருந்து கலகெதரவரை ஒரே வேகத்தில் ஏறுக. உச்சியில் எஞ்சினை அணைத்து 20 நிமிடம் பதிக. அடுத்த நாள் அதே வேளையில், ரேடியேற்றரின் ஓரங்களை வெறும் ரப்பர்ப் பட்டையால் அடைத்து மீண்டும் ஏறுக. முதல் வெப்பவிணைக்கும் ஆறாவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இரு நாட்களிலும் எவ்வளவு என்பதே, எவ்வளவு சூடான வளி திரும்பிப் புகுந்தது என்பதைக் கூறிவிடும்.